தொப்புள்கொடிக் குருதியும் திருவுளச்சீட்டும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு, ஆண்டு மலருக்கென எழுத்து வடிவில் அமைக்கப்பெற்றது.)



இக்கூட்டத்தில் சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்திருந்தார்கள். இளங்கோவடிகளிடம் பொறுத்தருள வேண்டிக்கொண்டு, வேறொரு பொருளைப் பேச எழுந்துள்ளோம். ஆலை மருத்துவமனையின் இரத்த வங்கியில் முப்பதாண்டுக் காலத்தைக் கழித்தவர் நாம். எனவே இப்பொருளைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது உரிமை உண்டு என எண்ணுகிறோம். உரிமையைக் காட்டிலும், பேசவேண்டிய கடப்பாடு ஒன்றும் சென்ற ஆண்டு நேர்ந்தது.

மாசித் திங்களில் ஓர் இரவு, உணவு முடித்துக் கதவைத் தாழிடும் நேரத்தில், நம் காலனி அன்பர் ஒருவர் தம் மனைவியாருடன் வந்தார். பெயர் வேண்டா. அவர் கையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று வழவழப்பான வண்ண அட்டை போட்டது. ஒன்பதாண்டுகளுக்கு முன் மகள் பிறந்த வேளையில் ஒரு கம்பெனியார் தந்தது. மற்றொன்று தொலைதூர நகரத்து மருத்துவமனை ஒன்று தந்தது. இருபது பக்கத்திற்குக் குறையாத ஆங்கில எழுத்து. அம்மகளுக்கு இரத்தப் புற்றுநோய். மருந்துகளால் ஒரு முறை அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கிவிட்டது.

அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். "ஐயா, மகள் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைத்தோம். ஆண்டுதோறும் தவணை தவறியதில்லை. இப்பொழுது அதை ஏற்றுங்கள் என்றால், அது பயன்படாது என்கிறார்கள். ஏன்?" இது முதற் கேள்வி. மற்றொன்றை அவருடைய மனைவியார் கேட்டார்: "ஏதோ ஆய்வாம். சீட்டுக் குலுக்கிப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்வார்களாம். இது என்ன வைத்தியம்? என் குழந்தையை வைத்துப் பரிசோதனை பண்ணிப் பார்க்கிறார்களா?"

அன்றிரவு அவர்களுக்கு நாம் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர்ப் பல நாள் படித்துத் தெளிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

குருதி எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இடுப்பெலும்பு, மார்பெலும்பு முதலியவற்றின் உள்ளே எலும்பு மச்சை உள்ளது. அங்கே உள்ள மூல அணுக்கள் நாள்தோறும் பிரிந்து பெருகிச் சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் தட்டணுவாகவும் ஆகின்றன. ஸ்டெம் செல் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றையே. குருத்தணு என்பது அழகிய தமிழ்ப் பெயர். வாழையின் குருத்தை நினைத்துக்கொண்டால் பொருள் தானே விளங்கும். வெள்ளணுக் குலத்தில் ஒன்று நெறி தவறி, முதிராமலேயே பெருகிப் பெருகி மச்சை முழுவதையும் அடைத்துக்கொள்வதுதான் லுகீமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய்.

மருந்துகளால் மட்டும் தீராத இடத்தில், கடும் மருந்தாலோ கதிர்வீச்சாலோ பழைய மச்சையை அழித்துவிட்டு, வேறொருவருடைய குருத்தணுக்களை நரம்பின் வழியே ஏற்றுவர். அவை தாமாகவே வழி கண்டு எலும்புக்குள் சென்று குடியேறும். இத்துறைக்கு வழிகாட்டியவர்களுள் தலையாயவர் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ். 1990-ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நம் நாட்டில் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-ஆம் ஆண்டிலும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டிலும் இம்மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று.

இங்கே ஓர் இடர்ப்பாடு. அணுக்களின் மேற்புறத்தில் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளக் குறிகள் உண்டு. தருபவர் குறியும் பெறுபவர் குறியும் பொருந்தவேண்டும். பொருந்தாவிடில், வந்தேறிய அணுக்கள் தாம் குடிபுகுந்த உடலையே அயலாக எண்ணித் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும். டாக்டர்கள் இதற்கு நீண்டதொரு பெயர் வைத்துள்ளனர்; நாம் ஒட்டுப்பகை என்று சொல்லிக்கொள்வோம். (குடியேறியவர்கள் ஊரோடு ஒத்துப்போவது எத்துணை இன்றியமையாதது என்பதை இக்காலனியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.) உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான். தாயும் தந்தையும் இயல்பாகவே பாதி பொருந்துவர். 'நாமிருவர் நமக்கிருவர்' என்று ஆகிவிட்ட குடும்பங்களில் உடன்பிறந்தாரை எண்ணிப் பார்ப்பதற்கு விரல்களே மிகுதி. வெளியே தேடலாம் எனின், குறிகள் பெரிதும் குலமரபைப் பற்றி வருவன. உலகத்துக் கொடையாளர் பதிவேடுகளிலோ ஐரோப்பிய மரபினர் மிகுதி, நம்மவர் குறைவு.

இந்நிலையில்தான் தொப்புள்கொடி வரலாற்றில் நுழைகிறது. குழந்தை பிறந்து கொடி துண்டிக்கப்பட்ட பின்னர், கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் ஏறத்தாழ ஒரு டம்ளர் அளவோ அதற்கும் குறைவாகவோ குருதி எஞ்சும். உலகெங்கும் மகப்பேற்று அறைகளில் கழிவோடு கழிவாக எறியப்பட்டு வந்த இக்குருதியில் குருத்தணுக்கள் செறிந்துள்ளன என்பதை இந்தியானாவில் ஹால் பிராக்ஸ்மையர் என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினர் எடுத்துக்காட்டினர். 1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பாரிஸ் நகரத்துச் செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளுக்மான் அம்மையார் அக்குருதியை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றினார். நோயாளி, அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுவன். நோய், மச்சை வறண்டுபோகும் ஃபான்கோனிச் சோகை என்னும் பிறவிக் குறை. குருதி, அவனுக்குப் பின் பிறந்த தங்கையுடையது. உறையவைத்துக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டது. அச்சிறுவன் பிழைத்து வளர்ந்து ஆளானான்.

இந்நிகழ்ச்சியில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவனுக்கு ஏற்றியது அவனுடைய சொந்தக் கொடியின் குருதியன்று; தங்கையின் குருதி. நம் அன்பரின் முதற் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

இலண்டனில் மெல் கிரீவ்ஸ் என்பவரின் குழுவினர் 1997-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியாற் குத்தி ஒரு துளிக் குருதியை அட்டையில் ஒற்றிவைப்பது மேலைநாடுகளின் வழக்கம். பின்னாளில் லுகீமியா கண்ட குழந்தைகள் சிலருடைய பழைய அட்டைகளைத் தேடியெடுத்துச் சோதித்தனர். நோய் வெளிப்படுவதற்கு முன்னரே, பிறந்த அன்றே, நெறி தவறிய அணுவின் அடையாளம் அந்த உலர்ந்த துளியில் இருந்தது! எல்லாக் குழந்தைகளிடத்தும் எல்லா வகை லுகீமியாவிலும் இப்படியென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நோயின் வித்து எந்தக் குருதியில் மறைந்திருக்கக் கூடுமோ அதையே மீண்டும் ஏற்றத் துணிவார் யார்?

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. பிறருடைய குருத்தணுவால் வரும் நன்மை, அழிந்த மச்சையைப் புதுப்பிப்பது மட்டுமன்று. புதிய வெள்ளணுக்கள், எஞ்சி ஒளிந்திருக்கும் புற்றணுக்களை அயலென்று கண்டு வேட்டையாடுகின்றன. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடமிருந்து மச்சை பெற்றவர்களுக்கு, ஒட்டுப்பகை வருவதில்லை எனினும் நோய் மீண்டும் தோன்றுதல் மிகுதி என்று கணக்கெடுத்தவர்கள் கண்டனர். முற்றும் ஒத்திருப்பதே அங்குக் குறையாகிவிடுகிறது. தன் குருதியே தனக்கு என்பது இரட்டையரினும் நெருங்கிய ஒப்புமையன்றோ? ஆகவே இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை, தன் கொடியைத் தனக்கெனச் சேமித்து வைத்தவர் பெறும் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தன் பயனுக்கெனத் தனியார் வங்கியில் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. வீட்டில் மூத்த குழந்தைக்கு மாற்றுச் சிகிச்சையால் தீரக்கூடிய நோய் ஏற்கெனவே இருந்து, இளைய குழந்தை பிறக்கப்போகிறதாயின் அது வேறு. அப்போது சேமிப்பது அறிவுடைமை.

வழவழப்பான அட்டைக் கோப்பில் இவ்விரு காரணங்களும் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாம் தேடிப் பார்த்தோம். எழுபது எண்பது நோய்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது. அவற்றுள் எதற்குத் தன் குருதி உதவும், எதற்குப் பிறர் குருதியே வேண்டும் என்னும் பிரிவு இல்லை. பேறுகாலத்து அச்சத்தில் இருக்கும் இளந்தாயிடம் அப்பட்டியலை நீட்டினால் அவள் என் செய்வாள்? கையெழுத்திடுவாள்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். தொப்புள்கொடியை உலர்த்தி வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. "ஸ்டெம் செல்லை அன்றே அறிந்தவன் தமிழன், ஆபத்துக்கு உதவவே தாயத்தில் வைத்தான்" என்றொரு செய்தி கைபேசிகளில் உலவுகிறது. நம் சங்கத்து அன்பர் எண்மர் நமக்கு அதை அனுப்பியுள்ளனர். நம் முன்னோரிடம் நமக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததன்று. ஆனால் உலர்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றேனும் இராது. கொடியின் குருதியைத் திரவ நைட்ரஜனில், நீர் உறையும் நிலைக்குக் கீழே 196 பாகை வரையிலான குளிரில் காத்தாலன்றி அணுக்கள் உயிர் தரியா. தாயத்து தாயன்பின் சின்னம். அதுவே அதற்குப் போதிய பெருமை.

இனிப் பொது வங்கிக்கு வருவோம். முன்பின் அறியாத தாய்மார்கள் கொடையாகத் தரும் கொடிக்குருதியைச் சேர்த்து, குறிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, உலகில் யாருக்குப் பொருந்துமோ அவருக்கு அனுப்பும் முறையை 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் இரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் என்பவர் நிறுவினார். 1993-ஆம் ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோன் குர்ட்ஸ்பெர்க் அம்மையார் அவ்வங்கியின் குருதியை உறவினரல்லாத நோயாளிக்கு முதன்முதல் ஏற்றினார். 1996-ஆம் ஆண்டு, அவ்வாறு சிகிச்சை பெற்ற 25 பேருடைய வரலாறு வெளிவந்தது. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். கருவினின்று வந்த வெள்ளணுக்கள் இன்னும் உலகை அறியாதவை. பகை பாராட்டக் கற்காதவை. அதனால் ஆறு குறிகளுள் நான்கே பொருந்தினும் கொடிக்குருதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிவேட்டில் இணை கிட்டாத சிறுபான்மை மக்களுக்கு இஃதொரு புதிய வாயிலாயிற்று. இன்றுவரை உலகெங்கும் 40,000-க்கும் மேற்பட்டோர் இம்முறையில் மாற்றுச் சிகிச்சை பெற்றுள்ளனர்.

குறையும் உண்டு. ஒரு பையில் உள்ள அணுக்கள் கொஞ்சம். சிறு குழந்தைக்குப் போதும்; வளர்ந்தவருக்குப் போதா. அணு குறையக் குறையப் புதிய குருதி முளைக்கும் நாள் நீளும். முளைக்கும்வரை அந்த உடல் கதவில்லாத வீடு. எந்தக் கிருமியும் புகலாம்.

மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தார் எளியதொரு வழி கண்டனர்: ஒன்று போதாவிடில் இரண்டு ஏற்றுவோம்! இரண்டு வெவ்வேறு குழந்தைகளின் கொடிக்குருதியை அடுத்தடுத்து ஏற்றினர். 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் தொகுதியில் 23 பேர். இரண்டும் தம்முள் சண்டையிட்டு மாயுமோ என்று அஞ்சியதற்கு மாறாக, ஒன்று வென்று நிலைத்தது. மற்றொன்று சில வாரங்களில் மறைந்தது. வளர்ந்தவர்களுக்கு வழி பிறந்தது. அதனோடு நில்லாமல், இரண்டு பை பெற்றவர்க்கு நோய் மீளுதலும் குறைவு என்று பழைய நோயாளிகளின் கணக்கை ஒப்பிட்டுச் சொன்னார்கள். அப்படியாயின், ஒரு பையே போதுமான குழந்தைகளுக்கும் இரண்டு கொடுத்தால் இன்னும் நலமன்றோ? கேட்டவர் யாவரும் ஆம் என்றே சொல்லத்தக்க கேள்வி. ஒரு கவளத்தினும் இரு கவளம் நன்று என்பது தாய்மாருக்கு யாரும் கற்பிக்கவேண்டாத பாடம்.

இங்கேதான் அன்பரின் மனைவியார் கேட்ட சீட்டு வருகிறது.

ஒரு மருத்துவர் தம் விருப்பப்படி சிலருக்கு ஒன்றும் சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பின் எண்ணிப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர் நல்லவராயினும், அவர் கை தம்மையறியாமல் சாயும். நம்பிக்கைக்குரிய பிள்ளைக்கு ஒன்றும், மோசமான பிள்ளைக்கு மற்றொன்றும் போய்ச்சேரும். முடிவில் வென்றது பையா, பிள்ளையின் உடல்வலியா என்று பிரித்தறிய முடியாது. ஆதலின் தேர்வை மனிதர் கையினின்று எடுத்துவிடுகின்றனர். இது நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்கள் அறிவர்: சபையோரைத் தேர்ந்தெடுக்க ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, சூதுவாது அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பெரியவர் கை சாயும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அச்சிறுவன் செய்த வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. எது மேலானது என்று மெய்யாகவே ஒருவருக்கும் தெரியாதபோது மட்டுமே சீட்டு அறமாகும். தெரிந்த பின்னும் குலுக்கினால் அது பாவம். அதற்காகவே, சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்குத் தொடர்பில்லாத குழுவொன்று இடையிடையே கணக்கைப் பார்த்து, ஒரு பக்கத்தார்க்குத் தீங்கு தெளிவாகத் தெரிந்தால் ஆய்வை நிறுத்திவிடும்.

அமெரிக்க மாற்றுச் சிகிச்சைக் கூட்டமைப்பு 2006-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 2012-ஆம் ஆண்டுத் தொடக்கம்வரை அவ்வாய்வை நடத்திற்று. தலைமை தாங்கியவர், இரண்டு பை முறையை வளர்த்த மின்னசோட்டாவின் ஜான் வாக்னர். ஒன்று முதல் இருபத்தொன்று வயதுவரையுள்ள, இரத்தப் புற்றுநோய் கொண்ட 224 பேர். எல்லோருக்கும் போதிய அளவுள்ள ஒரு பையேனும் கிட்டியிருந்தது. சீட்டின்படி 113 பேருக்கு ஒரு பை, 111 பேருக்கு இரண்டு.

முடிவு 2014-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஓராண்டு கழித்து உயிரோடிருந்தோர், இரண்டு பை பெற்றவருள் நூற்றுக்கு 65. ஒரு பை பெற்றவருள் நூற்றுக்கு 73. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. ஆகையால் ஒன்றே மேல் என்று அடித்துச் சொல்லவியலாது. ஆனால் இரண்டு மேலன்று என்பது உறுதி. நோய் மீளுதல் குறையும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. கடுமையான ஒட்டுப்பகையோ இரண்டு பை பெற்றவருள் நூற்றுக்கு 23 பேருக்கும், ஒரு பை பெற்றவருள் 13 பேருக்கும் கண்டது. தட்டணுக்கள் மீள்வதிலும் ஒரு பையே முந்திற்று.

இதைப் படித்தபொழுது நாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். இரண்டு பை நன்று என்று உலகமே நம்பியது. நம்பியவர்களே ஆய்வை நடத்தினர். தம் நம்பிக்கைக்கு எதிரான விடையைத் தம் பெயரிட்டு வெளியிட்டனர். ஆய்வு நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டாவது பை அன்பின் பெயரால் ஏற்றப்பட்டிருக்கும். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள அந்த இரண்டாவது பை, ஒட்டுப்பகையை மிகுத்திருக்கும். தோல் உரிந்து, குடல் புண்ணாகிக் கிடக்கும் குழந்தையைப் பார்த்து, விதி என்று சொல்லி அழுதிருப்போம். அது நம் கையால் வந்தது என்று அறிந்திருக்கமாட்டோம்.

இரண்டாவது பை கிட்டாத 113 பேரின் பெற்றோர், கையெழுத்திட்ட நாளில் என்ன எண்ணியிருப்பர்? நம் பிள்ளைக்குப் பாதிதானே வாய்த்தது என்று ஒரு தாயேனும் கலங்கியிருக்கமாட்டாளா? அந்தத் தாய்மார் யார் என்று நமக்குத் தெரியாது. இன்று ஒரு குழந்தைக்குத் தகுந்த பை ஒன்று கிட்டினால், இன்னொன்றைத் தேடி நாட்களை வீணாக்காமல் டாக்டர் துணிந்து ஏற்றுகிறார் என்றால், அத்துணிவு அவர்கள் இட்ட கையெழுத்திலிருந்து வந்தது.

பின்வந்த ஆய்வுகளை விரைந்து சொல்லிவிடுகிறோம். வளர்ந்தவர்களுக்கு இரண்டு பைக் கொடிக்குருதி நல்லதா, பாதி பொருந்தும் உறவினரின் மச்சை நல்லதா என்று 2012 முதல் 2018 வரை 368 பேரிடம் சீட்டு முறையில் ஆராய்ந்தனர். நோயின்றி இருத்தலில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் இரண்டாண்டு உயிர்வாழ்ந்தோர், மச்சை பெற்றவருள் நூற்றுக்கு 57; கொடிக்குருதி பெற்றவருள் 46. பாதி பொருத்தத்தை இயலச் செய்தது, ஏற்றிய சில நாட்களில் சைக்ளோபாஸ்ஃபமைடு என்னும் பழைய மருந்தைக் கொடுத்து ஒட்டுப்பகையை முளையிலேயே கிள்ளும் முறை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தது. தாயோ தந்தையோ எப்போதும் அருகில் இருப்பவர். பைக்கு விலையும் இல்லை. நம் நாட்டில் இம்முறை பரவியதற்கு வேறு விளக்கம் வேண்டா. கொடிக்குருதியின் அணுக்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி ஏற்றும் முறையும் வந்துவிட்டது. 125 பேர் பங்குகொண்ட சீட்டு ஆய்வில், வெள்ளணுக்கள் முளைக்க 22 நாளான இடத்தில் 12 நாளே போதுமாயிற்று. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. அங்கே அறிவித்த விலை 3,38,000 டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வேலையை உங்களுக்கு விட்டுவிடுகிறோம்.

இனி அன்பர் கொண்டுவந்த தடித்த கோப்பு. மகளுக்குப் பொருந்தும் உடன்பிறந்தார் இல்லை. தந்தையின் குருத்தணுக்களை ஏற்றுவதென மருத்துவர்கள் முடிவு செய்துவிட்டனர். அதில் சீட்டு இல்லை. முன்சொன்ன சைக்ளோபாஸ்ஃபமைடை வழக்கமான அளவில் கொடுப்பதா, சற்றுக் குறைத்துக் கொடுப்பதா என்பதில் மட்டுமே சீட்டு. குறைத்தால் நஞ்சு குறையலாம்; ஒட்டுப்பகை மிகவும் செய்யலாம். எது நன்று என்பது தெரியாது.

நாம் மூவரும் நள்ளிரவுவரை அக்கோப்பைப் படித்தோம். இந்தியாவில் இத்தகைய ஆய்வு எதுவாயினும் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்பெறல்வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். பதிவேட்டைக் கட்டணமின்றி யாரும் கணினியில் பார்க்கலாம். கோப்பில் இருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தோம், இருந்தது. அறநெறிக் குழுவின் ஒப்புதலும், குறை சொல்லத் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஆய்வால் தீங்கு நேரின் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற பக்கத்தை மட்டும் இரு முறை படித்தோம். 2019-ஆம் ஆண்டின் விதிகள் அதை ஆய்வு நடத்துவோர் தலையில் வைத்துள்ளன. எந்த நாளிலும் விலகலாம், விலகினால் சிகிச்சை குறையாது என்ற வரியை மனைவியார் தம் விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழாக்கச் சொன்னார். ஆய்வுக்கெனத் தனிக் கட்டணம் கேட்டிருந்தால், கோப்பை மூடிவிட்டு வந்துவிடுங்கள் என்றிருப்போம். கேட்கவில்லை. கையெழுத்திடுங்கள் என்றோ வேண்டா என்றோ நாம் சொல்லவில்லை. அது நம் குழந்தையன்று.

இங்கே கூடியுள்ள இளந்தாய்மாருக்கு ஒரு சொல். கொடியில் உள்ள குருதிக்கு முதல் உரிமையாளர் பிறக்கும் குழந்தையே. ஒரு நிமிடமேனும் பொறுத்துக் கொடியைத் துண்டித்தால் அக்குருதி குழந்தைக்கே போய்ச் சோகையைத் தடுக்கும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சேமிக்கவேண்டும் என்ற அவசரத்தில் அந்த ஒரு நிமிடத்தைக் குறைக்க விடாதீர்கள். இளைஞர்களுக்கு மற்றொரு சொல். பதினெட்டு நிரம்பியவர் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்துக் குருத்தணுக் கொடையாளராகப் பதிந்துகொள்ளலாம். சென்னையில் 2009-ஆம் ஆண்டு தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் உள்ளன. எங்கோ ஒரு தமிழ்க் குழந்தைக்கு இணை தேடுவோர், நம்மவர் பதிந்திருந்தாலன்றோ கண்டுபிடிக்க முடியும்?

அந்தக் குடும்பத்தின் செய்தியை அறிய விரும்புவீர்கள். அவர்கள் ஒப்புதலோடு சொல்கிறோம். ஏழு வயது கடந்த குழந்தையாயின், பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. குழந்தைக்கும் விளங்கும்படி சொல்லி அதன் இசைவையும் கேட்கவேண்டும் என்பது நம் நாட்டு நெறி. டாக்டர் அம்மையார் அப்பெண்ணின் கட்டிலருகே அமர்ந்து அரைமணி நேரம் சொன்னாராம். முடிவில், "ஏதாவது கேட்கவேண்டுமா?" என்றார். "முடி மறுபடியும் கொட்டுமா?" என்று கேட்டாள். "கொட்டும். பிறகு வளரும்." சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "சீட்டை யார் எடுப்பார்கள்?" என்றாள். கம்ப்யூட்டர் என்று விடை வந்தது. "நான் எடுக்கக்கூடாதா?" என்றாளாம்.

தந்தை கையெழுத்திட்டார். எந்த அளவு வாய்த்தது என்று நாம் கேட்கவில்லை. புதிய வெள்ளணுக்கள் பதினேழாம் நாள் தலைகாட்டின. ஐந்து வாரம் காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகத் துன்புற்றாள். இப்பொழுது பள்ளிக்குச் செல்கிறாள். கூட்டத்திற்கு மட்டும் இன்னும் அழைத்துவருவதில்லை. மூன்று திங்களுக்கொரு முறை மூவரும் இரயிலேறி அந்நகரத்திற்குப் போய் வருகின்றனர். அடுத்த பரிசோதனை வரும் மாதம் 14-ஆம் நாள்.